தனியார் கழிவுநீரேற்று நிலையம்: 2016-க்குப் பிறகும் பராமரிப்புச் செலவு எங்கள் தலையில் ஏன்?

கேள்வி: மருதன்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பதினான்கு வீடுகள் கொண்ட ஒரு சிறு குடியிருப்பில் வசிக்கிறோம். ஒன்பது வீடுகள் 2009, 2010 ஆண்டுகளில் கட்டப்பட்டவை. மீதி ஐந்தும் 2013-இல் சேர்ந்தவை. இது தாழ்வான, சமதளமான நிலம். பெரிய சாலையின் கீழே செல்லும் பொதுக் கழிவுநீர்க் குழாய் எங்கள் தெருக் குழாய்களைவிட மேல் மட்டத்தில் இருப்பதால், எல்லா வீடுகளின் கழிவுநீரும் தெருக்கோடியில் உள்ள நிலத்தடிக் கிணறு ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து பம்புகளால் உந்தப்பட்டு அந்தப் பொதுக் குழாயை அடைகிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டியும் அதற்குள் மின் கட்டுப்பாட்டுப் பலகையும் இருக்கின்றன. அந்த இடம் எவருடைய வீட்டு எல்லைக்குள்ளும் இல்லை. குடியிருப்பின் பொது நிலத்தில் இருக்கிறது.

இந்த நிலையத்தின் மின்கட்டணம், பராமரிப்பு, பழுதுபார்ப்பு அனைத்தையும் ஒரு மேலாண்மை முகவர் நிறுவனம் கவனித்து, செலவை ஆண்டுதோறும் எங்களிடம் வசூலிக்கிறது. தண்ணீர் நிறுவனத்துக்கு முழுக் கழிவுநீர்க் கட்டணமும் நாங்கள் தனியாகச் செலுத்திவருகிறோம். கடந்த குளிர்காலத்தில் இரண்டு பம்புகளும் ஒருசேர நின்றுபோய், மிகத் தாழ்வான மட்டத்தில் உள்ள வீட்டின் முற்றத்தில் மேன்ஹோல் மூடி வழியாகக் கழிவுநீர் பொங்கி வெளியேறியது. அந்த வீட்டில் வசிப்பவர்கள் வயதான தம்பதியர். முகவரைத் தொடர்புகொள்வதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் அண்டை வீட்டார் சேர்ந்து டேங்கர் லாரியை வரவழைத்தோம். இப்போது புதிய பம்புகளுக்கென்று ஒவ்வொரு வீட்டிடமும் பெருந்தொகை கேட்டுக் கடிதம் வந்துள்ளது.

வேறு ஊரில் வசிக்கும் நண்பர் ஒருவர், இத்தகைய நிலையங்களின் பொறுப்பு 1 அக்டோபர் 2016-க்குள் தண்ணீர் நிறுவனங்களிடம் சென்றிருக்க வேண்டும் என்கிறார். முகவரோ, தொடக்கத்திலிருந்தே நாங்கள்தான் பணம் செலுத்திவருகிறோம் என்பதாலும், வீட்டுப் பத்திரத்தில் அவ்வாறே எழுதியிருப்பதாலும், இது தனியார் நிலையம்தான் என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார். யார் சொல்வது சரி? பின்னர் சேர்ந்த ஐந்து வீடுகள் ஏதேனும் சிக்கலை உண்டாக்குமா? இதை எப்படி நிரூபிப்பது? முடிவு தெரியும்வரை பணம் செலுத்தாமல் நிறுத்திவைக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: நீர்வழி

வணக்கம் மருதன். கழிவுநீர்த் துறையில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். உங்கள் நண்பர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நீங்கள் தந்த விவரங்களிலிருந்தே தோன்றுகிறது. முகவர் தரும் இரண்டு காரணங்களும் இந்தக் கேள்வியைத் தீர்மானிப்பவை அல்ல. யார் பணம் செலுத்தினார்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. நிலையம் எப்போது கட்டப்பட்டது, எத்தனை வீடுகளுக்குப் பயன்படுகிறது, எங்கே அமைந்திருக்கிறது, அதன் நீர் எங்கே சென்று சேர்கிறது என்பவற்றைத்தான் பார்க்கிறது.

பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முகவரிடம் பேசும்போது உங்களுக்குப் பயன்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1 அக்டோபர் 1937-க்கு முன் போடப்பட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்பட்ட கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் பொதுக் குழாய்களாகவே கருதப்பட்டன. நம் மக்கள் நிறைய வாழும், லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களின் பழைய வரிசை வீடுகளில் இந்தச் சிக்கல் அதிகம் எழாததற்கு இதுவே காரணம். அந்தத் தேதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில், பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் குழாயாக இருந்தாலும், நிறுவனம் முறைப்படி ஏற்றுக்கொள்ளாதவரை அது வீட்டுக்காரர்களின் சொத்தாகவே இருந்தது. தெருவில் குழாய் உடைந்த பிறகுதான் அது தங்களுடையது என்று பலருக்கும் தெரியவந்தது. கழிவுநீர்க் கட்டணம் முழுமையாகச் செலுத்தும் ஒருவர் பழுதுச் செலவையும் தனியாகச் சுமக்க வேண்டியிருந்த இந்த அநியாயத்தைச் சரிசெய்யும் அதிகாரத்தை 2003-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் அரசுக்கு அளித்தது; அதன்படி 2011-இல் விதிமுறைகள் வந்தன. 1 ஜூலை 2011 அன்று பொதுக் குழாயுடன் இணைந்திருந்த தனியார் கழிவுநீர்க் குழாய்களும், வீட்டு எல்லைக்கு வெளியே செல்லும் கிளைக்குழாய்களும் 1 அக்டோபர் 2011 அன்று தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்பில் வந்தன.

பம்பு நிலையங்களுக்கு மட்டும் ஐந்தாண்டு கூடுதல் அவகாசம் தரப்பட்டது. அவை எங்கெங்கே உள்ளன என்ற முழுமையான பட்டியல் எவரிடமும் இல்லை. பல நிலையங்களின் மின் இணைப்புகள் பாதுகாப்பற்ற நிலையில் இருந்தன. சிலவற்றுக்கு லாரி செல்லும் பாதைகூட இல்லை. நிறுவனங்கள் அவற்றைத் தேடிக் கண்டறிந்து, ஆய்வு செய்து, 1 அக்டோபர் 2016-க்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. தகுதி இதுதான்: நிலையம் 1 ஜூலை 2011-க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும், அதன் நீர் பொதுக் கழிவுநீர் அமைப்புக்குச் செல்ல வேண்டும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்பட வேண்டும், அல்லது ஒரே வீட்டுக்கு என்றாலும் அந்த வீட்டின் எல்லைக்கு வெளியே அமைந்திருக்க வேண்டும். ஒரே வீட்டின் எல்லைக்குள் அந்த வீட்டுக்கு மட்டும் பயன்படுவதும், ஒரே வளாகமாகக் கருதப்படும் கேரவன் பூங்கா போன்ற இடங்களுக்குள் இருப்பதும், செப்டிக் டேங்குக்கோ தனியார் சுத்திகரிப்புக்கோ நீரை அனுப்புவதும் தனியாரிடமே நின்றன.

உங்கள் நிலையம் ஒன்பது வீடுகளுக்காக 2010-க்குள் இயங்கத் தொடங்கி, பொது நிலத்தில் நின்று, பொதுக் குழாய்க்கு நீரை அனுப்புகிறது. எனவே நீங்கள் சொல்லும் தேதிகள் ஆவணத்தால் உறுதிப்பட்டால் தகுதி முழுமையாக இருக்கிறது. பின்னர் வந்த ஐந்து வீடுகள் நிலையத்தின் தகுதியைக் கெடுக்காது. ஆனால் அந்த ஐந்து வீடுகளுக்கென்று 2011 ஜூலைக்குப் பிறகு புதிதாகப் போடப்பட்ட குழாய்கள் தாமாகப் பொதுவுடைமை ஆகியிருக்கமாட்டா. அவற்றைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

தண்ணீர் நிறுவனத்திடம் உங்கள் நிலையம் பதிவாகாமலே விட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டு. சிறு குடியிருப்புகளில் முகவர்கள் தகவல் தெரிவிக்காததால் அவ்வாறு நேர்வதைப் பணியில் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் வளர்ச்சிப் பணிகள் பிரிவுக்கோ, தனியார் குழாய்கள் பற்றிய பிரிவுக்கோ எழுத்தில் கேளுங்கள்: இந்த இடத்து நிலையம் 2011 விதிமுறைகளின்படி உங்கள் பொறுப்பில் உள்ளதா, இல்லையெனில் எந்தக் காரணத்தால்? காரணத்தை எழுத்தில் கேட்பது மிக முக்கியம். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை எங்கும் முன்வைக்க முடியாது.

பதில் 2: ஏட்டுச்சுவடி

வணக்கம். வீடு வாங்கல் விற்றல் சார்ந்த சட்டப் பணியில் இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து பணத்தை நிறுத்திவைக்காதீர்கள்.

உங்கள் வீடுகள் ஃப்ரீஹோல்டு, அதாவது நிலமும் வீடும் முழுமையாக உங்களுக்கே சொந்தம் என்று எடுத்துக்கொள்கிறேன். இத்தகைய குடியிருப்புகளில் பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் எஸ்டேட் ரென்ட்சார்ஜ் (பொது வசதிகளின் செலவுக்காக வீட்டின் மீதே சுமத்தப்படும் கட்டணம்) என்ற வடிவில் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். பத்திரத்தில் வேறுவிதமாக விலக்கு எழுதப்படாதிருந்தால், அந்தத் தொகை 40 நாள் நிலுவையில் நின்றாலே, 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டத்தின் 121-ஆம் பிரிவு அதைப் பெற உரிமையுள்ளவருக்கு வீட்டையே கைப்பற்றவும், குத்தகைக்கு விடவும் வழிவகுக்கிறது. நிலுவைத் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. அடமானம் கொடுத்த வங்கிக்கும் இது பெரும் கவலை. ஆகவே, “இந்தத் தொகையில் கழிவுநீரேற்று நிலையத்துக்கான பகுதியை நாங்கள் ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம், திரும்பக் கேட்கும் உரிமையைக் கைவிடவில்லை” என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் செலுத்துங்கள்.

அடுத்து, முகவர் சுட்டும் பத்திரத்தை எடுத்து நீங்களே படித்துப் பாருங்கள். டிபி1 என்ற மாற்றுப் பத்திரத்தில், பராமரிக்க வேண்டிய பொது வசதிகளின் பட்டியல் இருக்கும். பம்பு நிலையத்தைக் குறிப்பிடும் இடத்தில் “பொது அமைப்பு ஏற்றுக்கொள்ளும் வரை” என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். நான் பார்த்த பத்திரங்களில் அது அடிக்கடி இருக்கிறது; பின்னாளில் எவரும் அதைத் திருப்பிப் படிப்பதில்லை. அந்தத் தொடர் இல்லாவிட்டாலும் நிலைமை மோசமாகிவிடாது. நிலையம் தண்ணீர் நிறுவனத்தின் உடைமையாகிவிட்டிருந்தால், தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் பழுதுபார்த்ததாக மேலாண்மை நிறுவனம் கணக்குக் காட்டுவதற்கு அடிப்படையே இராது.

இங்கே லீஸ்ஹோல்டுக்கும் (நீண்டகாலக் குத்தகையில் வைத்திருக்கும் வீடு) ஃப்ரீஹோல்டுக்கும் உள்ள வேறுபாடு வருத்தமளிப்பது. லீஸ்ஹோல்டு வீட்டுக்காரர் 1985-ஆம் ஆண்டின் சட்டப்படி ரசீதுகளைப் பார்வையிடவும், கட்டணம் நியாயமானதா என்று தீர்ப்பாயத்தில் கேட்கவும் முடியும். ஃப்ரீஹோல்டுக்காரருக்கு அந்த உரிமைகளை 2024-ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்டு, ஃப்ரீஹோல்டு சீர்திருத்தச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பகுதிகள் செயலுக்கு வரத் தனி ஆணைகள் வேண்டும். எனவே வழக்குத் தொடுக்கும் எண்ணம் வந்தால், அந்த நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழி பலருக்கும் தோன்றுவதில்லை. முகவர் வேறு, மேலாண்மை நிறுவனம் வேறு. உங்கள் பத்திரத்தில் குறிப்பிடப்பட்ட மேலாண்மை நிறுவனத்தின் பெயரை, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். பல குடியிருப்புகளில் வீட்டு உரிமையாளர்களே அதன் உறுப்பினர்கள். அப்படியானால், முகவரை வேலைக்கு அமர்த்தியிருப்பது நீங்கள்தான்; தண்ணீர் நிறுவனத்துக்கு எழுதச் சொல்லி அவருக்கு உத்தரவிடவும், தேவைப்பட்டால் மாற்றவும் உங்களால் முடியும்.

கடந்த ஆண்டுகளில் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம், ஆனால் முயலக்கூடாதது அன்று. பொதுவான கால வரம்பு ஆறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளின் கணக்குகளில் பம்பு நிலையத்துக்கென்று காட்டப்பட்ட தொகைகளை இப்போதே தனியாகப் பிரித்தெடுத்து வையுங்கள்.

பதில் 3: தாழ்வாரம்

மருதன் அண்ணாவின் கேள்வியோடு என் நிலையையும் சேர்த்துக் கேட்க விரும்புகிறேன். எங்கள் வீடு தனி வீடு. 2007-இல் கட்டப்பட்டது. சாலையைவிடத் தாழ்வாக இருப்பதால் பின்தோட்டத்தில் எங்களுக்கு மட்டும் ஒரு சிறிய பம்பு இருக்கிறது. நீர்வழி அவர்கள் சொன்ன விதிப்படி எங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை என்று புரிகிறது. நாங்களும் அதே கழிவுநீர்க் கட்டணத்தைத்தான் செலுத்துகிறோம். ஒரே வீடு என்ற காரணத்தால் முழுப் பொறுப்பும் எங்களிடம் நிற்பது நியாயமாகத் தோன்றவில்லை. நாங்கள் செய்யக்கூடியது எதுவும் இருக்கிறதா? மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.

பதில் 4: நீர்வழி

தாழ்வாரம், உங்கள் வருத்தம் நியாயமானது. வீட்டுக்குள் இருக்கும் குழாய்களைப் போலவே எல்லைக்குள் இருக்கும் பம்பும் வீட்டுக்காரருடையது என்ற கொள்கையில் சட்டம் நின்றுவிட்டது. உங்கள் நிலையம் தனியாரிடமே இருக்கும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு ஓரளவு பதில் சொல்லலாம். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான எச் பிரிவு வழிகாட்டி, பம்பு வைத்த வீடுகளில் சேகரிப்புத் தொட்டி 24 மணி நேர வரத்தைத் தாங்க வேண்டும் என்றும், அதற்கு நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று கணக்கிட வேண்டும் என்றும் சொல்கிறது. நான்கு பேர் வசிக்கும் வீட்டுக்கு 600 லிட்டர். உங்கள் தொட்டி அந்த அளவில் கட்டப்பட்டிருந்தால், மின்சாரம் போன நாளில் குளியலையும் துணி துவைப்பதையும் தவிர்த்து ஒரு நாளை ஓட்டிவிடலாம். தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு என்பதைப் பராமரிப்புக்கு வருபவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உயர்மட்ட எச்சரிக்கை மணி வீட்டுக்குள் கேட்கும்படி இருக்கட்டும். அது பம்பின் மின் இணைப்பிலிருந்து தனியான இணைப்பிலோ மின்கலத்திலோ இயங்க வேண்டும், இல்லையென்றால் பம்பு நிற்கும்போது மணியும் சேர்ந்து நின்றுவிடும்.

மூடியைத் திறந்து நீங்களாக எதையும் செய்யாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். தேங்கிய கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். நம் ஊர்களில் மலக்குழி மரணங்களைப் பற்றிப் படிக்கிறோம். அதே வாயுதான் இங்கும்.

நம் சமையலறைகளுக்கென்று ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். இந்நாட்டில் மண்ணுக்கடியில் இருக்கும் குழாய் ஆண்டு முழுவதும் அதைவிடக் குளிர்ந்திருக்கும். பொரித்த எண்ணெயும் தாளித்த சட்டியைக் கழுவிய நீரும் சேர்ந்து கிணற்றின் மேல்மட்டத்தில் கொழுப்புப் பாளமாகப் படிகின்றன. பம்பைத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டிய மிதவை சுவிட்ச் அதில் சிக்கிக்கொண்டால், பம்பு நல்ல நிலையில் இருந்தாலும் இயங்காது. ஈரத் துடைப்புத் தாள்கள் பம்பின் சுழலியில் கயிறாக முறுக்கிக்கொள்ளும். மருதன் குடியிருப்பில் இரண்டு பம்புகளும் ஒருசேர நின்றதற்கு, ஒன்று முன்பே பழுதாகி எவரும் கவனிக்காமல் விட்டிருப்பது காரணமாக இருக்கலாம். இரண்டு பம்புகள் வைப்பதே ஒன்று நின்றால் மற்றது தாங்குவதற்காகத்தான். முதல் பழுதைக் கண்டுபிடிக்க எவரும் வராவிட்டால் அந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை. பராமரிப்புக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; ஒவ்வொரு பம்பும் ஓடிய மணிக்கணக்கு அதில் இருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

பதில் 5: குளக்கரை

எல்லோரும் மாற்றத்தை விரும்புவதால் ஒரு மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். முன்பு நாங்கள் வாழ்ந்த குடியிருப்பில் நிலையம் 2016-இல் தண்ணீர் நிறுவனத்திடம் சென்றது. அதற்கு முன் நாங்கள் ஒப்பந்தம் செய்திருந்த சிறு நிறுவனத்தின் பணியாளருக்கு எங்கள் நிலையம் நன்றாகப் பழக்கமானது. அழைத்த சில மணி நேரத்தில் வந்துவிடுவார். மாற்றத்துக்குப் பிறகு அழைப்பு மையத்தில் காத்திருந்து, நிலையம் எங்கே இருக்கிறது என்பதையே ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. மேலும், பம்பிலிருந்து கழிவுநீரைப் பொதுக் குழாய்க்குக் கொண்டுசெல்லும் உந்துகுழாய் எங்கள் தோட்டத்தின் கீழே சென்றதால், அது பொதுக் குழாய் ஆன பிறகு சமையலறையை நீட்டிக்கட்ட நிறுவனத்தின் அனுமதியைப் பெற வேண்டியதாயிற்று. ஒழுங்காக நடக்கும் ஒரு நிலையத்தைக் கைமாற்ற அவசரப்பட வேண்டுமா என்று குடியிருப்போர் கூடி யோசிப்பது நல்லது.

பதில் 6: நீர்வழி

குளக்கரை சொல்லும் இரண்டும் உண்மை. நிறுவனங்களின் அழைப்பு மையங்கள் சிறு நிலையங்களை அறியாதிருப்பது பெரிய குறை. பொதுக் கழிவுநீர்க் குழாயிலிருந்து மூன்று மீட்டருக்குள் கட்டடம் எழுப்ப நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதும் சரியே.

ஆனாலும் மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தகுதியுள்ள நிலையங்களை வீட்டுக்காரர்களின் விருப்பத்துக்கு விடுவதாக அந்த ஏற்பாடு அமையவில்லை; ஆட்சேபம் உள்ளவர்கள் நிறுவனத்தின் அறிவிப்பு வந்த இரண்டு மாதத்துக்குள் தண்ணீர் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆஃப்வாட்டிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதே அதில் இருந்த வழி. இன்னொன்று, நல்ல பணியாளர் ஒருவர் இருந்ததால் உங்கள் நிலையம் நன்றாக நடந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு என்ன? உந்துகுழாய் சாலைக்கு நடுவே வெடித்தால், சாலையைத் தோண்ட அனுமதி, போக்குவரத்து ஏற்பாடு, மாசு அகற்றல் என்று வரும் செலவு ஒரு பம்பின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். கழிவுநீர் அருகிலுள்ள ஓடையில் கலந்தால், தனியார் நிலையத்தின் உரிமையாளர்களே சுற்றுச்சூழல் முகமைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது குடும்பங்களோ பதினான்கு குடும்பங்களோ அந்தப் பொறுப்பைத் தாங்குவது சரியல்ல. அது ஒரு வட்டாரத்தின் கழிவுநீர்க் கட்டணம் செலுத்தும் அனைவருக்கும் பகிரப்பட வேண்டும் என்பதற்காகத்தான் சட்டமே இயற்றப்பட்டது.

எனக்கு உண்மையில் கவலை தருவது 2011-க்குப் பிறகு கட்டப்பட்டவைதான். வேல்ஸில் 1 அக்டோபர் 2012 முதல் புதிய கழிவுநீர்க் குழாய்களை, கட்டும் முன்பே ஒப்பந்தம் செய்து பொதுவாக்குவது கட்டாயமானது. இங்கிலாந்தில் அந்தச் சட்டப்பிரிவு செயலுக்குக் கொண்டுவரப்படவில்லை. 1991-ஆம் ஆண்டின் தண்ணீர்த் தொழில் சட்டத்தின் 104-ஆம் பிரிவின் கீழ் கட்டுமான நிறுவனம் தானாக விரும்பி ஒப்பந்தம் செய்தால்தான் உண்டு. அதன் விளைவாக, 2011-இல் தீர்த்துவைத்த அதே சிக்கல் புதிய குடியிருப்புகளில் மீண்டும் முளைத்திருக்கிறது. போட்டி, சந்தை ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வீட்டுக் கட்டுமான ஆய்வும், புதிய குடியிருப்புகளின் பொது வசதிகளை உரிய அமைப்புகள் கட்டாயமாக ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. புது வீடு வாங்கும் நம்மவர்கள், சமையலறை மேசைக் கல்லின் நிறத்தைக் கேட்பதற்கு முன், கழிவுநீர் தானாக ஓடுகிறதா பம்பால் ஓடுகிறதா, 104 ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மருதன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி ஆவணங்களைத் தேடினோம். பத்திரத்தின் பின்னிணைப்பில் “ஏற்றுக்கொள்ளப்படும் வரை” என்ற தொடர் இருக்கிறது. முதலில் குடிவந்த ஒருவரிடம், நிலையம் இயங்கத் தொடங்கியபோது பம்பு நிறுவனம் கொடுத்த 2010-ஆம் ஆண்டுச் சான்றிதழின் நகல் கிடைத்தது. மேலாண்மை நிறுவனத்தின் உறுப்பினர்கள் நாங்கள்தான் என்பதும் பதிவேட்டில் தெரிந்தது. இதை எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை. தண்ணீர் நிறுவனத்துக்கான கடிதத்தை எழுதி, எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டுவருகிறோம்.

இரண்டு கேள்விகள் மீதமுள்ளன. மின்மானி மேலாண்மை நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, அது என்னவாகும்? நிலையம் நிற்கும் பொது நிலமும் தண்ணீர் நிறுவனத்துக்குச் சென்றுவிடுமா? அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அதனால் சிலர் தயங்குகிறார்கள்.

பதில் 7: ஏட்டுச்சுவடி

நிலம் உங்களிடமே இருக்கும். நிலையமும் அதன் கருவிகளும் மட்டும் நிறுவனத்தின் உடைமையாகும். பராமரிப்புக்காக நிலத்தில் நுழையும் உரிமையைச் சட்டமே நிறுவனத்துக்கு அளிக்கிறது. எனவே விளையாட்டிடம் பறிபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை, லாரி வரும் வழியை மறிக்காமல் வைத்திருந்தால் போதும். கடிதத்தோடு பத்திரத்தின் அந்தப் பக்கத்தையும், 2010 சான்றிதழையும், நிலையத்தின் இடத்தைக் குறித்த வரைபடத்தையும் இணையுங்கள். வீடு வாங்கியபோது எடுத்த தண்ணீர், கழிவுநீர்த் தேடல் அறிக்கையைப் பழைய கோப்பில் வைத்திருப்பவர்கள் அதையும் தேடுங்கள். பொதுக் கழிவுநீர் வரைபடத்தில் அந்த நிலையம் அன்றைக்கே குறிக்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். நிறுவனம் மறுத்தால், அதன் புகார் நடைமுறையை முழுமையாகக் கடந்த பிறகு தண்ணீர் நுகர்வோருக்கான கன்ஸ்யூமர் கவுன்சில் ஃபார் வாட்டர் அமைப்பை அணுகலாம். 2011 ஏற்பாட்டில் இடமில்லை என்றே முடிவானாலும், 1991-ஆம் ஆண்டின் தண்ணீர்த் தொழில் சட்டத்தின் 102-ஆம் பிரிவின் கீழ் ஏற்றுக்கொள்ளுமாறு விண்ணப்பிக்கலாம். அதை மறுத்தால் ஆஃப்வாட்டிடம் மேல்முறையீடு உண்டு. அந்த வழியில் நிலையத்தை இன்றைய தரத்துக்கு உயர்த்தச் சொல்லக்கூடும் என்பதால், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 8: நீர்வழி

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பொறுப்பு மாறிய நாளிலிருந்து அந்தச் செலவு தண்ணீர் நிறுவனத்துடையது. உங்களுக்குத் தனி மின்மானி இருப்பது நல்லது. கணக்கை அவர்கள் பெயருக்கு மாற்றினால் போதும். ஏதேனும் ஒரு வீட்டின் இணைப்பிலிருந்து பம்புக்கு மின்சாரம் எடுத்திருந்தால்தான் சிக்கல் நீளும். மின்மானியின் எண்ணையும் இன்றைய அளவீட்டையும் படம் எடுத்துக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை, இப்போதுள்ள பராமரிப்பு ஒப்பந்தத்தையோ மின்கணக்கையோ முடித்துவிடாதீர்கள். இடைப்பட்ட காலத்தில் பம்பு நின்றால் முதலில் பாதிக்கப்படுவது அந்தத் தாழ்ந்த வீட்டுத் தம்பதியர். புதிய பம்புகளுக்கான பெருந்தொகைச் செலவை மட்டும் நிறுவனத்தின் பதில் வரும்வரை ஒத்திவைக்குமாறு, உறுப்பினர்கள் என்ற முறையில் முகவருக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். அதுவரை ஓடக்கூடிய ஒரு பம்பையாவது பழுதுபார்த்து, மற்றதற்கு மாற்றாக வாடகைப் பம்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை மணி ஒலித்தால் எவரை அழைக்க வேண்டும் என்ற எண்ணை இன்றே பச்சைப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள், அந்தத் தம்பதியரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.